விழுந்தாலும் உடையாத ரோபோ

குழந்தை பலமுறை விழுந்தே நடக்கக் கற்கிறது. ஆனால், விலை மிகுந்த ரோபோ ஒருமுறை விழுந்தாலே பழுதாகிவிடக்கூடும். எனவே, பொறியாளர்கள் அதன் வடிவத்தை முதலில் கணினிக்குள் நடக்கவிடுகின்றனர். புவியீர்ப்பு, உராய்வு, மோதல் ஆகியவற்றை மென்பொருள் கணக்கிட்டுக் காட்டுகிறது. இம்முறை பாவனையாக்கம் எனப்படும்.

'கஸீபோ' அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஹோவர்டும் அவருடைய மாணவர் நேட் கோனிக்கும் அதனை உருவாக்கத் தொடங்கினர். 2009இல் ஜான் சூ என்னும் பொறியாளர், 'ராஸ்' என்னும் ரோபோ மென்பொருளையும் 'பிஆர்2' ரோபோவின் வடிவத்தையும் கஸீபோவுடன் இணைத்தார். அதனால், உண்மையான ரோபோவுக்கு எழுதிய நிரலைக் கணினிக்குள்ளேயே சோதிக்க முடிந்தது.

கஸீபோ ஒரு திறந்தமூல மென்பொருள். அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஒருவர் கண்ட பிழையை மற்றொருவர் களைகிறார். அத்திருத்தம் அனைவர்க்கும் பயன்படுகிறது.

2013இல் அமெரிக்காவின் 'டார்பா' அமைப்பு, பேரிடர் மீட்பு ரோபோக்களுக்கான போட்டியின் ஒரு கட்டத்தைக் கஸீபோவிலேயே நடத்தியது. அணிகள் ரோபோவைக் கரடுமுரடான நிலத்தில் நடக்கவும், வண்டி ஓட்டவும், நீர்க்குழாயைப் பொருத்தவும் செய்தன. சிறந்த அணிகளுக்கு 'அட்லஸ்' என்னும் உண்மையான ரோபோ வழங்கப்பட்டது. கணினிக்குள் விழுந்து எழுந்த பயிற்சி, மெய்யான களத்திற்கு வழி திறந்தது.

சொற்பொருள்
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு
உராய்வு – பொருள்கள் உரசும்போது இயக்கத்தைத் தடுக்கும் விசை

வினாக்கள்
1. ரோபோவை முதலில் கணினிக்குள் சோதிப்பது ஏன்?
2. திறந்தமூல மென்பொருளால் விளையும் நன்மை யாது?