காபி உமியில் ஒரு எரிபொருள்

சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அன்றிலிருந்து கொட்டைக்குத்தான் விலை பேசி வருகிறோம். வெயிலில் முழுப் பழமாக உலர்த்தும் செர்ரியில் ஏறக்குறைய பாதி எடை தோல்தான். கழுவி உலர்த்தும் பார்ச்மென்டிலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமியாகக் கழிகிறது.

இந்த உமி நன்றாக எரியும். கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோ கலோரி வெப்பம் தரும். நெல் உமி அளவுக்குச் சாம்பலும் விழாது. 1930களில் விலை சரிந்தபோது பிரேசில் நாட்டில் காபிக் கொட்டையையே ரயில் எஞ்சினில் போட்டு எரித்தார்கள்! இங்கே தடை, உமியில் கனம் இல்லாததுதான். லாரி நிரம்பும், எடை ஏறாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அதை இறக்கிச் சேலம் கொண்டுபோனால் வாடகைக்கே கட்டாது.

பெல்லட் இயந்திரம் தீர்ப்பது இந்தச் சிக்கலைத்தான். பத்துப் பன்னிரண்டு சதவீத ஈரம் வரை உலர்த்திய உமியை அரைத்து, துளையிட்ட இரும்பு அச்சுக்குள் உருளைகளால் நெரித்துத் தள்ளுவார்கள். உராய்வுச் சூட்டில் உமியிலுள்ள லிக்னின் இளகி அதுவே பசையாகிவிடும். 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனில் குச்சிகளாக வந்து, ஆறியதும் கெட்டிப்படும். அதே லாரியில் பல மடங்கு எடை ஏற்றலாம்.

ஒரு கவனம் வேண்டும். காபி உமியில் பொட்டாசியம் அதிகம். சாம்பல் சீக்கிரம் உருகி பாய்லருக்குள் கட்டியாகப் படியும். சில்வர் ஓக் மரத்தூளைக் கலந்தால் இது குறையும். அந்தச் சாம்பலைத் தோட்டத்துக்கே திருப்பினால் பொட்டாஷ் உரம் ஆயிற்று.

வாங்க ஆள் இல்லாமல் இல்லை. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பெல்லட் கலக்க வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்கை வகுத்தது. மேட்டூர் அனல்மின் நிலையம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் பசிக்கு இந்த மலையின் உமி எம்மாத்திரம்? ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் குச்சி, கடலைத் தொலி எல்லாம் சேர்ந்தால்தான் பேச்சு. அதைவிட, கீழே இருக்கிற சேகோ ஆலை அடுப்புகளும் சிறு பாய்லர்களுமே நமக்கு ஏற்ற சந்தை என்பேன்.

அதற்காகத் தோட்டத்தில் கிடப்பதையெல்லாம் வாரிக் கொட்டக் கூடாது. பழத்திலிருந்து உரிக்கும் ஈரத்தோலில் பெரும்பகுதி தண்ணீர். அதை உலர்த்தவே விறகு வேண்டும். அதை மக்கவைத்துச் செடிக்குப் போடுவதே சரி. உதிர்ந்த இலையும் மண்ணுக்கே சேரட்டும். சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த இலைப்போர்வைதான்.

பார்ச்மென்டாகவே காபியை விற்கும்போது உமியும் அதோடு மலையிறங்கிப் போய்விடுகிறது. மலைக்கிராமங்களின் சிறு விவசாயிகள் உமி நீக்குவதையும் பெல்லட் போடுவதையும் ஒரே பொதுக்கூடத்தில் நடத்தலாம். அறுவடை இல்லாத மாதங்களில் கவாத்துக் குச்சிகளையும் சில்வர் ஓக் கிளைகளையும் அரைத்தால் இயந்திரம் சும்மா நிற்காது.