படகில் பேட்டரி இருக்க வேண்டிய இடம்

கரையோரத்து ஃபைபர் படகுகளில் விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ இருக்கும். பெரிய பாரமல்ல, ஆனால் வைக்கும் இடம் தப்பினால் படகின் சமநிலை கெடும்.

வயர் மிச்சமாகும் என்று பலரும் அதைப் பின்பக்கம் வைத்துவிடுகிறார்கள். மோட்டார், எண்ணெய் கேன், மோட்டார் பிடிப்பவர் என்று பாரம் ஏற்கெனவே அங்கே குவிந்திருக்கிறது. பின்பலகை தாழத் தாழ, துரத்தி வரும் அலை சுலபமாக உள்ளே ஏறும். அதற்குப் பயந்து முன்முனையான அணியத்தில் வைத்தாலோ அணியம் அலையில் குத்தும். அந்த அடியில் பேட்டரியின் ஈயத் தகடுகளும் உதிரும்.

பக்கவாட்டுக் கணக்கு இன்னும் முக்கியம். நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளியிருக்கும் 30 கிலோ பேட்டரி, கால் மீட்டர் தள்ளி நிற்கும் 60 கிலோ ஆளுக்குச் சமமாகப் படகைச் சாய்க்கும். ஆள் சாய்வறிந்து நகர்ந்துகொள்வார். கட்டாத பேட்டரியோ சாய்ந்த பக்கமே சறுக்கி, சாய்வைக் கூட்டும். ஆகவே நடுக்கோட்டில், படகின் மையத்தை ஒட்டி, தாழ்வாக வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டுவதே சரி. வெறும் படகில் ஒரு முறையும், ஐஸும் மீனும் ஏறியபின் ஒரு முறையும் படகு மட்டமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தாழ்வாக என்றால் அடித்தண்ணீரில் என்றல்ல. ஈய அமில பேட்டரிக்குள் உப்புநீர் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே, தீப்பற்ற ஒரு பொறி போதும். எனவே சற்று உயர்த்திய மேடையில், மேலே காற்றுத் துளையுள்ள மூடிய பெட்டி வேண்டும். பெட்ரோல் கேன் அருகில் கூடாது. பிளஸ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். பேட்டரி தள்ளிப் போனால் வயரும் தடிக்க வேண்டும். மெல்லிய நீள வயரில் வோல்ட் இறங்கிவிடும். லித்தியம் பேட்டரிக்கு மாறினால் எடை பாதிக்கும் கீழே குறையும். அப்போது சார்ஜரை மட்டுமல்ல, சமநிலையையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இப்படிச் சரியாக வைத்தும், வாங்கிய பேட்டரி வாரண்டிக் காலத்திலேயே பழுதானால், “தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் செல்லாது” என்று கடைக்காரர் கைவிரிக்கலாம். அது தவறு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம், ரூ.5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமில்லை. பில்லும், கடை முத்திரையும் தேதியும் உள்ள வாரண்டி அட்டையும் கையில் இருந்தால் வழக்கு வலுக்கும். இவற்றைப் படகில் வைக்காமல் வீட்டில் வைப்பது நல்லது.

செத்த பேட்டரியைக் கடலில் எறிவதோ அமிலத்தை மணலில் ஊற்றுவதோ கூடாது. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைப்பது பயனாளியின் கடமை. புதியது வாங்கும் கடையிலேயே பெரும்பாலும் பழையதற்கு விலை கழித்துக்கொள்வார்கள்.