தக்கை வெட்டும் குண்டு: குறிப்போட்டியில் சுழல் துப்பாக்கியும் குண்டுத் தேர்வும்

சங்கராபுரம் வட்டாரத்தில் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் கண்கள் மேற்கே கல்வராயன் மலையை நோக்கும். கரிமருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, தேங்காய் நாரைத் தக்கையாகத் திணித்து, அதன்மேல் குண்டை இட்டு வெடிக்கும் நாட்டுத் துப்பாக்கிகள் அம்மலைக் காடுகளில் நெடுங்காலம் வழங்கி வந்தன. உரிமமின்றி அவற்றை வைத்திருத்தல் குற்றமாகும். ஒப்படைத்து விடுமாறு காவல்துறையினர் மலையூர்களில் பலமுறை அறிவுறுத்தியும் உள்ளனர். நாம் எழுதப் புகுந்த பொருள் அதுவன்று. எனினும் அந்தத் தக்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

தேசிய மாணவர் படையில் பயிலும் மாணவர் ஒருவர், '.22' ரைபிளால் தாம் சுட்ட இலக்குத் தாளை நம்மிடம் கொண்டு வந்து காட்டினார். ஐந்து குண்டுகளும் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதையே அப்பயிற்சியில் அளப்பர். நான்கு துளைகள் நன்றாக அமைந்திருந்தன. ஐந்தாவதன் விளிம்பு கிழிந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. "ஐயா, குண்டு சரியாகத்தான் போயிருக்கிறது; தாள்தான் பொய் சொல்கிறது" என்றார் அவர். அக்கூற்றில் உண்மை இருந்தது. கூரிய அல்லது உருண்டை முனையுள்ள குண்டு தாளை வெட்டுவதில்லை. இழைகளைத் தள்ளிக்கொண்டு நுழைகிறது. அது கடந்த பின் இழைகள் ஓரளவு மீண்டும் மூடிக்கொள்கின்றன. எனவே துளை குண்டைவிடச் சிறிதாகவும் ஒழுங்கற்றதாகவும் தோன்றுகிறது.

இக்குறையை நீக்க வந்ததே 'வாட்கட்டர்' குண்டு. பெயரைக் கேட்டு வாளை நினைப்போர் உண்டு. வாளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'வாட்' என்பது துப்பாக்கியில் திணிக்கும் தக்கை. 'கட்டர்' என்பது வெட்டுவது. முனையே இல்லாத ஈய உருளை இது. வெட்டிய சுண்ணக்கட்டித் துண்டு போன்று தட்டையான முகம் உடையது; பெரும்பாலும் தோட்டாக் கூட்டின் விளிம்போடு சமமாக உள்ளே அமர்ந்திருக்கும். தாளில் படும்போது, தோலில் துளையிடும் பொறியைப் போல வட்டமான துண்டு ஒன்றை வெட்டி எடுத்துவிடும். வளையக் கோட்டைத் துளை தொட்டதா இல்லையா என்ற வழக்குக்கு அங்கே இடம் மிகக் குறைவு. கோட்டைத் தொட்டால் உயர்ந்த மதிப்பெண் என்பது விதியாதலின், ஒரு நூலிழை ஒன்பதைப் பத்தாக்கும்.

இன்று பெரிய போட்டிகளில் தாளுக்கு மாற்றாக மின்னணு இலக்குகள் வந்துவிட்டன. அங்கே துளையின் அழகுக்கு மதிப்பில்லை. குண்டு கடந்த புள்ளியைக் கருவியே கணக்கிடுகிறது. அங்ஙனமாயின் வாட்கட்டர் ஏன் வேண்டும்? அதன் மெய்யான சிறப்பு தாளில் இல்லை, குழலினுள் இருக்கிறது என்பதே நம் விடை.

இவ்வகைப் போட்டியில் நம் நாட்டுக்குப் பெயர் தேடித் தந்தவர் ஜஸ்பால் ராணா. 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில், தம் 18ஆம் வயதில், 25 மீட்டர் 'சென்டர் ஃபயர்' கைத்துப்பாக்கிப் போட்டியில் பொற்பதக்கம் வென்றார். 2006இல் தோகாவில் அதே போட்டியில் 600க்கு 590 பெற்று அன்றைய உலகச் சாதனைக்கு இணையாக நின்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரு வெண்கலம் வென்ற மனு பாக்கருக்குப் பயிற்சியளித்தவரும் இவரே. அப்போட்டியில் 60 குண்டுகள் சுட வேண்டும். முதல் 30 நிதானமானவை. ஐந்து குண்டுகளுக்கு ஐந்து நிமிடம். அடுத்த 30 குண்டுகளுக்கு இலக்கு மூன்று நொடி முகங்காட்டி ஏழு நொடி மறையும். ஒவ்வொரு முறை தோன்றும்போதும் ஒரு குண்டு. துப்பாக்கி அரைத் தானியங்கி வகையாக இருக்கலாம். சுழல் துப்பாக்கியும் விதிக்கு உட்பட்டதே. குண்டின் விட்டம் 7.62 மில்லிமீட்டர் முதல் 9.65 வரை அமையலாம். குண்டு ஈயம் போன்ற மென்பொருளால் ஆனதாக இருத்தல் வேண்டும்.

இவ்வெல்லைக்குள் பெரிதும் விரும்பப்படுவது '.32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்' என்னும் தோட்டா. இது 1896இல் தோன்றியது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை செய்யும் '.32' சுழல் துப்பாக்கிக்கும் இதுவே தோட்டா. வங்கிக் காவலர் இடுப்பிலும் பெருநிலக்கிழார் இல்லத்திலும் இருக்கக்கூடிய அதே தோட்டா, உருண்டை முனைக்குப் பதிலாகத் தட்டை முகம் பெற்றவுடன் உலகப் போட்டிக்கு உரியதாகிவிடுகிறது! அதன் வாட்கட்டர் குண்டு 98 முதல் 100 கிரெயின் எடையுள்ளது. அதாவது ஏறத்தாழ ஆறரை கிராம். '.38' அளவில் 148 கிரெயின் வழக்கம்.

இனித் தேர்வு. வேகம் மிகுந்தால் குறி தப்பாது என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. போட்டித் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 220 முதல் 240 மீட்டர் வேகத்தில் செல்வது; ஒலியைவிட மிகவும் மெதுவானது. பல வாட்கட்டர் குண்டுகளின் அடிப்பக்கம் குடையப்பட்டிருக்கும். மருந்து எரியும் அழுத்தத்தில் அந்தக் குழிவின் மெல்லிய சுவர் விரிந்து, குழலின் சுருள் பள்ளங்களை இறுகப் பற்றிக்கொள்கிறது. வளி கசிவதில்லை, குண்டு சீராகச் சுழல்கிறது. அழுத்தம் மிகுந்தாலோ அச்சுவர் அளவுக்கு மீறி விரியும், சில வேளை கிழியும், குண்டு தள்ளாடும். தட்டை முகம் காற்றை மிகுதியாக எதிர்ப்பதால் 50 மீட்டருக்கு அப்பால் இதை நம்புதல் அரிது. 25 மீட்டருக்கோ இதனினும் பொருத்தமானதைக் காண்பது கடினம்.

சுழல் துப்பாக்கிக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. குண்டு முதலில் உருளையின் அறையிலிருந்து அதன் குறுகிய வாயைக் கடந்து, இடைவெளி ஒன்றைத் தாண்டி, பின்னரே குழலுள் புகுகிறது. குண்டு அறைவாயைவிடச் சிறிதாயின் வளி முந்திப் பாய்ந்து ஈயத்தை அரிக்கும். அறைவாய் குழலைவிடக் குறுகியதாயின் குண்டு அங்கேயே சுருங்கிவிடும். பின் பள்ளங்களைப் பற்றாது. ஆகவே விலை மிகுந்த குண்டு, வாகையர் பயன்படுத்திய குண்டு என்பதெல்லாம் பாதி விடையே. நம் துப்பாக்கியின் வாய்க்கு எது பொருந்துகிறதோ அதுவே நமக்கு நல்ல குண்டு.

வெளிநாடுகளில் போட்டியாளர் பலர் தம் வீட்டிலேயே தோட்டாக்களை நிரப்பிக்கொள்வர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்தல் நம் நாட்டில் குற்றம். எனவே நம் மாணவருக்கு உள்ள வழி, ஆலைத் தோட்டாக்களுள் தேர்வதே. பெட்டியின்மேல் அச்சிட்ட தொகுதி எண்ணை இங்கே கவனிக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரு தொகுதிகள் ஒன்று போல் சுடா. சங்கத்தின் வழியே ஒவ்வொரு தொகுதியிலும் சில பெட்டிகளை முதலில் பெற்று, மணல் மூட்டைமேல் கையைத் தாங்கவைத்து 25 மீட்டரில் சுட்டுப் பார்க்க வேண்டும். நிதானப் பகுதி இலக்கின் பத்தாம் வளையம் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. மூட்டைமேல் வைத்துச் சுடும்போதே குண்டுகள் 50 மில்லிமீட்டர் பரவினால், கையின் சிறு நடுக்கத்துக்கும் அங்கே இடமில்லை. 25க்குள் அடங்கினால் பாதி வளையம் சுடுபவருக்கு மிஞ்சுகிறது.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பொருந்தாத தோட்டாவோடு பயிலும் இளைஞர் தம் கையையே பழித்துக்கொள்வர். பிடியை மாற்றுவர், மூச்சை மாற்றுவர், முன்பு சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்வர். சிற்றூர் மாணவருக்குச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ சென்று ரைபிள் சங்கத்தில் பயில்வதே பெருஞ்செலவு. அதற்குமேல் ஓராண்டு இவ்வாறு வீணானால் பலர் திரும்பி வருவதில்லை.

சோதனையில் ஆறு அறைகளையும் எண்ணிட்டு, ஒவ்வோர் அறையிலிருந்தும் ஐந்து ஐந்தாகத் தனித்தனித் தாளில் சுடுதல் நன்று. ஐந்து அறைகள் ஓரிடத்தில் குவித்து, ஓர் அறை மட்டும் விலகிச் சுடுவது சுழல் துப்பாக்கியில் காணக்கூடியதே. அதைக் கண்டு மனம் தளர வேண்டா. போட்டியில் ஒரு சுற்றுக்கு ஐந்து குண்டுகளே. உருளையிலோ ஆறு அறைகள். அந்த ஆறாவது அறையை வெறுமையாக விட்டுவிடலாம். பயிற்சி முடிந்ததும், தேநீர்க் கோப்பையைத் தொடுமுன், ஈயம் படிந்த கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ளவும் வேண்டும்.