அர்ஜென்டினா எண்ணெயும் நம் ஊர் மணிலாவும்

வேர்க்கடலையை நம் மாவட்டத்தில் மணிலா என்கிறோம், பேச்சில் மல்லாட்டை. பெயர்தான் பிலிப்பைன்ஸ் துறைமுகத்தினுடையது. பயிரின் பூர்வீகம் தென் அமெரிக்கா. பொலிவியாவும் அர்ஜென்டினாவும் சேரும் பகுதி என்பது ஆய்வாளர் கருத்து. இன்று அதே அர்ஜென்டினாவின் சோயா எண்ணெய், நம் மணிலா எண்ணெய் விலையை இழுத்துப் பிடிக்கிறது.

இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. அதில் சோயா எண்ணெயைப் பெருமளவு தருவது அர்ஜென்டினா. அந்நாட்டு அடுப்பங்கரையில் சூரியகாந்தி எண்ணெயே அதிகம். சோயா எண்ணெய் பெரும்பாலும் ஏற்றுமதிக்குத்தான்! பரானா ஆற்றங்கரையில் ரொசாரியோ நகரையொட்டிய ஆலைகளில் பிழிந்து அங்கேயே கப்பலேற்றுகிறார்கள். 2021இல் ஆற்றில் நீர் குறைந்து, கப்பல்கள் முழுச் சரக்கு ஏற்ற முடியவில்லை. 2023இல் வறட்சியால் சோயா விளைச்சல் ஏறக்குறைய பாதியாயிற்று.

வானத்தைவிடக் கவனிக்க வேண்டியது அவர்களது நாணயம். பெசோ மதிப்பு சரிந்துகொண்டே வந்ததால், விவசாயிகள் சோயாவை நீண்ட பிளாஸ்டிக் பைகளில் வயலிலேயே இருப்பு வைத்தனர். பணத்தைவிடச் சரக்கே பத்திரம் என்பது நம் வணிகர்களுக்குப் புரியாததா? 2025 செப்டம்பரில் அந்த அரசு சோயா உள்ளிட்ட விளைபொருள்களுக்கான ஏற்றுமதி வரியை முழுவதும் நீக்கியது. 700 கோடி டாலருக்கு விற்பனை பதிவானதும் மூன்றே நாளில் மீண்டும் விதித்தது. அந்த இடைவெளியில் இந்திய, சீன இறக்குமதியாளர்கள் வாங்கிக் குவித்தனர்.

நம் அரசின் பங்கும் உண்டு. கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படைச் சுங்கவரி 2024 செப்டம்பரில் 20 சதவீதமாயிற்று. 2025 மே மாத இறுதியில் 10 ஆகக் குறைந்தது. இப்படி வரி இறங்கும்போது, பழைய விலைக்கு டின்களை அடுக்கி வைத்த கடைக்காரருக்கு நட்டம். மணிலா மூட்டையோடு நிற்கும் விவசாயிக்கும் விலை இறங்கும். அர்ஜென்டினாவிலிருந்து கப்பல் வர ஒரு மாதத்துக்கு மேலாகும். விலையோ அதற்காகக் காத்திருப்பதில்லை. செய்தி வந்ததுமே மாறத் தொடங்கிவிடும்.