கூலியும் கீலியும்

"பாம்பு கீம்பு கிடக்கும், விளக்கை எடுத்துக்கிட்டுப் போ" என்கிறாள் தாய். "காப்பி கீப்பி சாப்பிட்டாயா?" என்று கேட்கிறான் நண்பன். பாம்பு தெரியும், கீம்பு எந்தப் புற்றில் இருக்கிறது? காப்பி தெரியும், கீப்பி எந்தக் கடையில் விற்கிறது?

கொச்சை, என்று கூறிவிடுவர் மொழிக்குக் காவல் நிற்பதாக எண்ணிக்கொள்ளும் சிலர். பாமரன் வாயில் பிறந்ததாம், படித்தவர் பக்கம் வரலாகாதாம்! தீர்ப்பு அளிக்குமுன் விசாரணை ஒன்று நடத்தியிருக்கலாம்.

நாம் நடத்திப் பார்ப்போம். சொல்லின் முதலெழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ'. பணம் கிணம், மாடு கீடு. 'பணம் கீணம்' என்றோ 'மாடு கிடு' என்றோ எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா தோழர்களே? முதலெழுத்து மாறும், இரண்டாம் எழுத்து அசையாது நிற்கும். புலவர்கள் எதுகை என்று பெயரிட்டு அழைப்பதும் இதைத்தானே! கப்பலேறி வந்த சொல்லுக்கும் விதிவிலக்கு இல்லை. பஸ் கிஸ், லீவு கீவு.

யாப்பிலக்கண ஏட்டினை ஒரு நாளும் புரட்டாதவன் பேச்சிலே 'அக்கம் பக்கம்' என்ற எதுகையும், 'நோய் நொடி', 'ஏழை எளியவர்' என்ற மோனையும் தாமாக வந்து விழுகின்றன. அடுக்குமொழி மேடைப் பேச்சாளன் கண்டுபிடித்த சரக்கு என்று கேலி பேசுவோர் இதனைக் கவனிப்பாராக.

பிரித்தால் பொருள் தராத 'சலசல', 'படபட' போன்றவற்றுக்கு இரட்டைக் கிளவி எனப் பெயரிட்டு இலக்கணம் வகுத்தார் தொல்காப்பியர். நம் 'கீம்பு' வேறு இனம். முன்பாதிக்குப் பொருளுண்டு, பின்பாதி வெறும் ஓசை. எதிரொலிச் சொல் என்பர் மொழிநூலார். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே 'கி'தான் ஆட்சி புரிகிறது. இந்திக்காரர் 'சாய் வாய்' என்று வகரத்தைத் துணைக்கு அழைக்கின்றனர். நீலகிரித் தோடர் பேச்சிலுள்ள எதிரொலிச் சொற்களை ஆராய்ந்து 1938-ல் கட்டுரை எழுதினார் எமனோ என்ற மொழியறிஞர். எழுத்தில்லா மலைமக்கள் பேச்சு அவருக்குக் கொச்சையாகப் படவில்லை!

வெறும் ஓசைக்கு வேலை என்ன? பாம்பு கீம்பு என்றால் பாம்போ, தேளோ, பூரானோ, இருட்டில் கடிக்கக்கூடிய எதுவோ. அத்தனையையும் ஒரு 'கீ' அடக்கிவிடுகிறது. தாய் சொன்னால் அதிலே அக்கறை இருக்கிறது. ஆனால் அதே ஓசை ஆளுக்கு ஆள் குணம் மாறும். வாய் மாறினால் அதுவே ஏளனம். "தலைவர் கிலைவர்" என்று ஒருவன் சொன்னால், மதிப்பாகச் சொன்னான் என்று எவரும் கொள்ளமாட்டார்.

ஆலை வாயிற்கூட்டம் ஒன்றில் நாம் நின்றிருந்தோம். முதல் நாள் நிர்வாகத்தார் ஒருவர் கூறியதை எடுத்துச் சொன்னார்கள்: "போனஸ் கீனஸ் என்று பேசாதீர்கள். சங்கம் கிங்கம் என்று திரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன்." மிரட்டல்கூடத் தோழர்களை அவ்வளவு சுடவில்லை, 'கிங்கம்' சுட்டது. பல ஆண்டு பாடுபட்டு வளர்த்த சங்கத்தை ஒரே எழுத்தால் குப்பையிலே தள்ளிவிட்டாரே என்று குமுறினர்.

பேசுவதற்கு எழுந்தார் நரைத்த தலைத் தோழர் ஒருவர். கைநாட்டுக்காரர், இலக்கணம் கிலக்கணம் அறியாதவர். இரண்டே வாக்கியம் பேசினார்:

"ஐயா, கூலியைக் கேட்டோம், நீங்க இத்தனை நாளாக் கீலியைத்தான் கொடுத்துக்கிட்டு வர்றீங்க. போனஸை எங்ககிட்டே கொடுங்க, கீனஸை நீங்களே வச்சுக்குங்க."

கூட்டத்தின் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.