குந்தா நீர்த்தடங்கள் – 17: பாரோமீட்டருக்கு மசியாத மீன்

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ பிடிக்கப் போகிறவர்களில் பலர் பாரோமீட்டரைப் பார்க்காமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டார்கள். முள் இறங்க ஆரம்பித்தால் மீன் வெறிகொண்டு தின்னும். புயல் கடந்து முள் விறுவிறுவென்று ஏறினால் வாயையே திறக்காது. இது அவர்கள் கணக்கு. நன்னீரில் டிரௌட் பிடிக்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நீலகிரியின் குந்தா மலையில் இந்தக் கணக்கு எடுபடுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எடுபடாது என்பது என் கட்சி.

டிரௌட் இங்கே வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1860களில் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி.வில்சன் விடாப்பிடியாக நின்றார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. கடைசியில் ஊன்றி நின்றது வானவில் டிரௌட் மட்டும்தான்.

முதலில் அழுத்தத்தின் கணக்கைப் போட்டுவிடுவோம். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைவதும், மீன் தண்ணீருக்குள் ஒரு சென்டிமீட்டர் மேலே வருவதும் மீனின் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரணக் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று வந்தால் ஐந்து, பத்து ஹெக்டோபாஸ்கல் இறங்கும். அதாவது அரை சாணுக்கும் குறைவு. ஒரு பூச்சியை விழுங்க அடியிலிருந்து மேலே வரும் டிரௌட், சில நொடிகளில் அதைப்போலப் பத்து மடங்கு மாற்றத்தைத் தாண்டிவிடுகிறது. பாஸ் மீனின் காற்றுப்பை மூடிய பை. அதில் உள்ள வாயுவை ரத்தத்தின் வழியாகத்தான் கூட்டிக் குறைக்க முடியும். டிரௌட்டுக்கு அந்தப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. அதிகமானால் வெளியே விடும். குறைந்தால் நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொள்ளும். முள் இறங்கியதற்காக அது ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும்?

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நான்கு மணிவாக்கில் பள்ளம். இரவிலும் இதே கதை. சமவெளியில் இந்த ஊசலாட்டம் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் வரை போகும்; மலையில் சற்றுக் குறைவு. மேகமே இல்லாத மாசி மாதத்திலும் பத்திலிருந்து நான்கு மணிவரை முள் இறங்கத்தான் செய்யும். அமெரிக்கர் கணக்குப்படி பார்த்தால், நடுப்பகல் வெயிலில் தினமும் எமரால்டு ஏரியில் மீன் முண்டியடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தக்கை அசையாது.

அப்படியானால் அந்தக் கடற்கரைக்காரர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. முள் இறங்கும்போது கூடவே காற்றும் மேகமும் அலையும் வருகின்றன. கலங்கிய அலையில் குஞ்சு மீன்கள் தடுமாறுகின்றன. பாஸ் அவற்றை வேட்டையாடுகிறது. மீன் பார்ப்பது அலையையும் இருட்டையும். மனிதன் பார்ப்பது முள்ளை.

குந்தாவில் டிரௌட்டை ஆட்டிவைப்பது மழை. தென்மேற்குப் பருவமழை இந்த மேற்குச் சரிவில்தான் நேராக மோதுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அந்த மாதிரி வெள்ளத்தில் மீன் தின்பதைப் பற்றி யோசிக்காது. பாறைக்குப் பின்னால் ஒதுங்கி உயிர் பிழைத்தால் போதும். சாரலும் பனிமூட்டமுமாக இருக்கும் நாள்தான் விசேஷம். வெளிச்சம் மங்கும், தூறல் விழுந்து நீரின் மேல்பரப்பு கலைந்திருக்கும், மேலேயிருந்து பார்க்கும் பறவைக்கு மீன் தெரியாது. டிரௌட் தைரியமாக மேலே வரும். ஓடையில் நீர் கொஞ்சம் ஏறத் தொடங்கும் முதல் சில மணி நேரமும் அப்படித்தான். கரையோரப் புழுவும் பூச்சியும் அடித்துக்கொண்டு வரும்.

ஆனால் எந்த ஓடை என்று பார்க்க வேண்டும். சோலைக்காட்டிலிருந்து இறங்கும் ஓடை, மழைக்குப் பிறகு கடுந்தேநீர் நிறத்தில் இருந்தாலும் தெளிவாகவே இருக்கும். அடியிலுள்ள கூழாங்கல்லை எண்ணலாம். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களின் வழியாக வருவது செம்மண் குழம்பு; அதில் கையை விட்டால் விரல் தெரியாது. டிரௌட் கண்ணால் பார்த்துத் தின்னும் மீன். ஒரே மழை, ஒரே அழுத்தம். இந்த ஓடையில் விருந்து, அந்த ஓடையில் பட்டினி.

காற்றழுத்தம் உண்மையிலேயே கணக்கில் வரும் இடம் ஒன்று உண்டு. அது அன்றாட ஏற்ற இறக்கம் இல்லை, மலையின் உயரம். கடல்மட்டத்தில் ஆயிரத்துச் சொச்சமாக இருக்கும் அழுத்தம், இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் 800 ஹெக்டோபாஸ்கல் அளவில்தான் நிற்கும். 15 டிகிரித் தண்ணீர் கடற்கரையில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் என்றால், இங்கே எட்டுதான். கோடையில் நீர் சூடேறினால் அதிலும் குறையும். இருபது டிகிரியைத் தாண்டினாலே டிரௌட் திணற ஆரம்பிக்கும். மார்ச், ஏப்ரலில் அது ஆழத்துக்கோ, அருவி விழும் இடத்துக்கோ போய் ஒண்டிக்கொள்வது அதனால்தான். அதே ஏரியில் சாதாக் கெண்டை சேற்றைக் கிளறிக்கொண்டு சௌக்கியமாக இருக்கும்.

கடைசியாக, வானிலை அறிக்கையில் வராத ஒரு வானிலை: மின்சாரம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தில், அவலாஞ்சி, எமரால்டு ஏரிகளின் தண்ணீர் மின்நிலையத்துக்காகவே தேக்கப்படுகிறது. மின்தேவை கூடினால் மட்டம் இறங்கும். ஒரு மீட்டர் இறங்கினால், அடியில் அசையாமல் கிடக்கும் மீனுக்கு அது ஏறக்குறைய நூறு ஹெக்டோபாஸ்கல். சாதாரணப் புயல் எதுவும் தராத மாற்றம். அதைவிடப் பெரிய விஷயம், கரையோரச் சேறு வெளியே தெரிந்து, புழுபூச்சி வாழும் ஓரம் காய்ந்துபோவது.

போர்த்திமந்தை மேல் ஏரியாகவும் அவலாஞ்சி–எமரால்டைக் கீழ் ஏரியாகவும் வைத்து 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் ஒன்றும் உருவாகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தட்டுப்படும் நேரத்தில் கீழே விடுவது அதன் வேலை. அது முழுமூச்சில் ஓடத் தொடங்கினால், இங்கே தூண்டில் போடுகிறவர் பார்க்க வேண்டியது பாரோமீட்டரை அல்ல, மாலைநேர மின்தேவையை. அந்தத் திட்டத்தின் சுரங்கங்களைப் பற்றி அடுத்த வாரம்.