நிரம்பியும் இருக்க வேண்டும், காலியாகவும் இருக்க வேண்டும்

பசுமைக் கூரைகளின் மண்ணையும் செடியையும் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் தண்ணீர். மாடியில் செடி வளர்த்தால் நகரத்தில் வெள்ளம் வடியும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. ஐரோப்பியப் பசுமைக் கூரைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது பத்து சென்டிமீட்டர் அளவு மண்ணும், வறட்சி தாங்கும் ஸீடம் செடிகளும்தான். தூறலையும் சாதாரண மழையையும் அந்த மண் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால், நகரம் மூழ்குவது தூறலால் அல்ல. 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனில் சில இடங்களில் இரண்டு மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் மண் சீக்கிரமே நிறைந்துவிடும். மிச்சமெல்லாம் குழாய் வழியே சாக்கடைக்குப் போய்ச் சேரும். கோடையிலோ சிக்கல் நேர்மாறானது. மெல்லிய மண் சில நாட்களில் காய்ந்துபோகும். காய்ந்த மண்ணிலிருந்து நீர் ஆவியாகாது. அதனால் குளிர்ச்சியும் கிடைக்காது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கூரை எவ்வளவு குளிரும் என்பது அதில் எத்தனை லிட்டர் மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதற்கு ஆம்ஸ்டர்டாம் கண்ட வழி, மண்ணுக்கு அடியில் ஒரு தொட்டி. நகராட்சி, வாட்டர்நெட் என்னும் நீர் நிறுவனம், வாடகைக் குடியிருப்புச் சங்கங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து 2018 முதல் 2022 வரை ‘ரெசிலியோ’ என்ற திட்டத்தை நடத்தின. சுமார் 10,000 சதுர மீட்டர் ‘நீல-பசுமை’ கூரை அமைப்பது அதன் இலக்கு. அதில் பெரும்பகுதி குறைந்த வாடகைக் குடியிருப்புகளின் மேல். இத்தகைய கூரையில் செடிக்கும் மண்ணுக்கும் கீழே, உள்ளே வெற்றிடமாக இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளை வரிசையாக அடுக்குகிறார்கள். எட்டு சென்டிமீட்டர் உயரம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 80 லிட்டர் பிடிக்கும். பெட்டிகளுக்குள் இருக்கும் நார்த்தண்டுகள் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை மண்ணுக்கு ஏற்றிவிடுவதால் பம்பு தேவையில்லை. வெளியேறும் வாயில் ஒரு வால்வு, நீர்மட்டம் அளக்க ஒரு சென்சார். வானிலைக் கணிப்பைப் பார்த்து கணினி அந்த வால்வைத் திறக்கும், மூடும்.

தொட்டி மட்டும் போதாதா, கணினி எதற்கு? அணை இயக்கும் பொறியாளர்களுக்கு இது மிகப் பழைய சிக்கல். வறட்சிக்காக நிரப்பி வைத்தால் வெள்ளத்துக்கு இடமில்லை. வெள்ளத்துக்காகக் காலியாக வைத்தால் வறட்சிக்குத் தண்ணீர் இல்லை. நாளைய மழை இன்றே தெரிந்தால்தான் இரண்டையும் ஒரே தொட்டி செய்ய முடியும். ஆம்ஸ்டர்டாம் வ்ரையே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கணினி மாதிரிக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மணிக்கு 20 மில்லிமீட்டரைத் தாண்டும் கடுமழையில் சாதாரண பசுமைக் கூரை பிடித்தது 12 சதவீதம். தொட்டி வைத்து வால்வை எப்போதும் மூடியே வைத்தால் 59. கணிப்பைப் பார்த்து முன்கூட்டியே வடித்தால் 70 முதல் 97 வரை. வெயில் நாட்களில், அதிகபட்சம் ஆவியாகக்கூடிய நீரில் சாதாரணக் கூரை 30 சதவீதத்தையே ஆவியாக்க, தொட்டியுள்ள கூரை சுமார் 70 சதவீதத்தை ஆவியாக்கியது.

கணிப்பு பொய்த்தால்? நியாயமான கேள்வி. கோடை இடிமழை எந்தத் தெருவில் இறங்கும் என்று முந்தைய நாளே யாராலும் சொல்ல முடியாது. ஆனால், ஐரோப்பிய நடுத்தரகால முன்னறிவிப்பு மையம் ஒரே வானிலைக்கு 51 கணிப்புகள் தருகிறது. எத்தனை கணிப்புகள் கடுமழையைச் சொன்னால் வால்வைத் திறப்பது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு. அதை எடுக்கும்போது இரண்டு தவறுகளின் விலையையும் எடைபோட வேண்டும். திறந்துவிட்டு மழை வராவிட்டால் சில நாள் பாசன நீர் போகும். திறக்காமல் மழை கொட்டினால் நிலத்தடி அறைகளில் தண்ணீர் நிற்கும். மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் ஓடும் பகுதிகளில் சாக்கடை கால்வாயில் கலக்கும். எனவே ஐயம் இருந்தால் திறப்பதே சரி என்பது என் கருத்து. முழுவதும் காலி செய்ய வேண்டியதும் இல்லை. 30 மில்லிமீட்டர் எதிர்பார்த்தால் 30 லிட்டருக்கு இடம் விட்டால் போதும். மீதி 50 லிட்டர் செடிக்கு இருக்கும். 2018இல் ஐரோப்பாவைத் தாக்கியது போன்ற கடும் வறட்சியில் மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் இறுக்க வேண்டியிருக்கும்.

வால்வு பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு விடை எளிது: கணினியை நம்பாத ஒரு மேல்வழிக் குழாய் கட்டாயம் இருக்க வேண்டும். எடை உண்மையான தடை. நிரம்பிய தொட்டி மட்டுமே சதுர மீட்டருக்கு 80 கிலோ. ஈரமண் அதற்கு மேல். பல பழைய கட்டடங்கள் இதைத் தாங்காது, அவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். செலவு பற்றிய ஆட்சேபணை இன்னும் கனமானது. பணம் போடுபவர் வீட்டு உரிமையாளர், பலன் பெறுவதோ தெரு முழுவதும். அதனால் இதைத் தனியார் ஆர்வத்துக்கு விட்டுவிட்டால் நடக்காது. ஆம்ஸ்டர்டாம் 2021இல் புதுக் கட்டடங்களுக்கு விதியே போட்டது: கட்டடப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 60 லிட்டர் மழையைத் தேக்கி, மெதுவாக விட வேண்டும். ஆனால், தேக்கச் சொன்னால் மட்டும் போதாது. நூறு கூரைகள் தங்கள் இஷ்டத்துக்கு ஒரே மணி நேரத்தில் திறந்தால் அதுவே சாக்கடைக்குச் சுமையாகும். எப்போது திறப்பது என்னும் அதிகாரம் கட்டட உரிமையாளரிடமோ வால்வு விற்ற நிறுவனத்திடமோ இருக்கக் கூடாது. சாக்கடைக்குப் பொறுப்பான பொது நீர் அமைப்பிடம் அது இருக்க வேண்டும். திறக்கும் விதிகளும் குடிமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்.